பல்லவனின் பல்

எங்கள் வீட்டு நாய்க்குத் தினமும் பல் தேய்த்து விடுகிறோம் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். சில வருஷங்களுக்கு முன்னால் யாராவது என்னிடம் இப்படிச் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். சிரித்ததோடு நில்லாமல், "வேலையற்றவர் வீட்டு விசேஷம்" என்று தலைப்புக் கொடுத்துப் பத்திரிகையில் ஒரு துணுக்கும் எழுதியிருப்பேன். பத்திரிகைக்காரியின் புத்தி அப்படி!

செங்கல்பட்டிலிருந்து தினம் மின்சார ரயிலைப் பிடித்துச் சென்னைக்கு ஓடுகிறவள் நான். விடியற்காலையில் எழுந்து, பையனுக்கு ஒரு டிபன், அவருக்கு ஒரு டிபன் கட்டி வைத்துவிட்டு, எனக்கு ஒன்றும் இல்லாமல் ஸ்டேஷனுக்கு ஓடுவதே என் வழக்கம். வீட்டில் மனிதர்கள் பல் தேய்த்தார்களா இல்லையா என்று கவனிக்கவே அவகாசம் கிடையாது. இந்த லட்சணத்தில் நாயின் பல்லை யார் பார்ப்பது?

நாயின் பெயர் பல்லவன். பெயர் வைத்தவர் என் மாமனார். என் நாத்தனார் வாழ்க்கைப்பட்டது மாமல்லபுரத்தில். அவள் வீட்டுத் தெருவில் 2015-ல் ஒரு நாய் குட்டி போட்டது. செம்பட்டை நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருந்த ஒரு குட்டியை மாமா துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "மாமல்லபுரத்திலிருந்து வருகிறவனுக்குப் பல்லவன் என்று பெயர் வைக்காமல் வேறு என்ன வைப்பதாம்?" என்றார். அந்தப் பெயருக்குள்ளேயே பல் இருக்கிறது என்பது அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

என் மாமியாருக்கு நாய் என்றால் ஆகாது. எங்களுடையது சைவ வீடு. அத்தை தினம் குளித்து, விபூதி இட்டு, விளக்கேற்றிய பிறகுதான் காப்பியே குடிப்பார். "திண்ணையோடு இருக்கட்டும், வாசற்படி தாண்டக்கூடாது" என்று முதல் நாளே உத்தரவு போட்டுவிட்டார். பல்லவனும் ஒன்பது வருஷமாக அந்த உத்தரவை மதித்து வந்தான். மதிக்காதவர் மாமாதான். அத்தை பார்க்காத நேரம் கூடத்துக்குள் அழைத்து வந்து, தட்டில் மிச்சமான தயிர் சாதத்தை உருட்டிப் போடுவார். அத்தை பார்க்காத மாதிரி இருப்பார்.

மாதம் ஒரு தடவை மாமாவும் பல்லவனும் மகள் வீட்டுக்குப் போவார்கள். திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் முப்பது கிலோமீட்டர் சொச்சம். மாமல்லபுரத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் உளிச் சத்தம் கேட்கும் என்பது உங்களுக்குத் தெரியும். நாத்தனார் வீட்டுக்கு அடுத்தாற்போலவே ஒரு சிற்பக் கொட்டகை. பிள்ளையாரும் நந்தியும் அரைகுறையாக எழுந்து நிற்கும். கீழே கருங்கல் சில்லுகள் கொட்டிக் கிடக்கும். பல்லவன் அதில் ஒன்றைக் கவ்விக்கொண்டுதான் வண்டியில் ஏறுவான். வழி நெடுகக் கடித்துக்கொண்டே வருவான். "பல்லவன் கல்லை விடமாட்டான், வம்சம் அப்படி!" என்று மாமா பெருமையாகச் சொல்லிக்கொள்வார். ஒவ்வொரு தடவையும் ஒரு கல்லாக எங்கள் திண்ணை ஓரத்தில் ஒரு சிறு குவியலே சேர்ந்துவிட்டது.

மாமா 2021-ல் காலமானார். அதற்குப் பிறகு மாதாந்தர மாமல்லபுர யாத்திரை நின்றுபோயிற்று. பல்லவன் திண்ணையில் படுத்து, அந்தப் பழைய கற்களையே ஒவ்வொன்றாக எடுத்துக் கடித்துக்கொண்டிருப்பான். நாய்களைச் சகிக்காத அத்தை, அந்தக் கற்களை மட்டும் பெருக்கித் தள்ள விடவில்லை. வேலைக்காரப் பெண் ஒருநாள் முறத்தில் அள்ளியபோது, "அது இருந்துட்டுப் போகட்டும்" என்று மாத்திரம் சொன்னார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

இரண்டொரு வருஷத்தில் பல்லவனின் வாயில் நாற்றம் ஆரம்பித்தது. கிட்டே வந்து மூச்சு விட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவேண்டியிருந்தது. நாய் என்றால் வாய் நாறத்தானே செய்யும் என்று எண்ணினோம். பையன் முகத்தைத் தடவப் போனால் தலையை விலக்கிக்கொண்டான். வயதாகிவிட்டது, அதனால் சிடுசிடுப்பு என்றோம். சாதத்தை ஒரு பக்கமாகவே சாய்த்து வைத்துத் தின்றான். அதையும் பார்த்தேன், பார்த்துவிட்டு ரயிலுக்கு ஓடினேன்.

ஒருநாள் காலை வலது கண்ணுக்குக் கீழே எலுமிச்சங்காய் அளவு வீங்கியிருந்தது. பூரான் கடித்திருக்கும் என்று அத்தை மஞ்சள் அரைத்துக் கொடுத்தார். அவர் ஒரு மருந்துக் கடையில் சொல்லிக் கண் சொட்டு மருந்து வாங்கி வந்தார். என் பங்குக்கு நான், "இந்த இதழ் அச்சுக்குப் போகட்டும், ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை வீக்கம் தானாகவே வடிந்துவிட்டது. ஆகவே போகவில்லை. அடுத்த வாரம் அதே இடத்தில் தோல் பிய்ந்து சீழ் வழிந்தது. திண்ணையில் உட்கார்ந்து அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை.

மாட்டாஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனோம். டாக்டர் இளைஞர். நாங்கள் கண்ணைக் காட்டினோம். அவர் கண்ணைப் பார்க்காமல் மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"கண்ணில் ஒன்றுமில்லை அம்மா. பல்."

நாய்க்கு மேல் தாடையில் பக்கத்துக்கு ஒன்றாக ஒரு பெரிய கடைவாய்ப் பல் இருக்கிறது. இறைச்சியைக் கத்தரிக்கோல் மாதிரி வெட்டுவதற்கென்று அமைந்த பல். அதற்கு மூன்று வேர்கள். வேர்கள் போய் நிற்கும் இடம் சரியாகக் கண்ணுக்குக் கீழே. பல் உடைந்து உள்ளே கிருமி புகுந்தால் சீழ் அங்கேதான் கட்டும். கண் வியாதி என்று நினைத்துக்கொண்டு சொட்டு மருந்தோடு வருகிறவர்கள் நிறையப் பேர் என்றார். எங்கள் மானத்தைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாரோ என்னவோ!

பல்லவனின் வலது பக்கத்துப் பெரிய பல்லில் வெளிப்புறம் ஒரு சுவர் பெயர்ந்தாற்போல் விண்டு போயிருந்தது. மற்றப் பற்களின் மேல் பழுப்பு நிறத்தில் காரை. வீட்டுச் சுவரில் காரை பெயர்ந்தால் உடனே கொத்தனாரைக் கூப்பிடுகிற நாங்கள், நாயின் பல்லில் காரை ஏறியதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"சாப்பாடு குறைந்ததா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லையே, எப்போதும் போலத்தான் சாப்பிட்டான்."

"சாப்பிடுவான். நாய் பல்வலிக்காகப் பட்டினி கிடப்பது அபூர்வம். மறுபக்கத்தில் மெல்லும், இல்லாவிட்டால் மெல்லாமலே விழுங்கும். மூன்று வயதுக்குள் பெரும்பாலான நாய்களுக்கு ஈறு வியாதி ஏதோ ஓர் அளவில் வந்துவிடுகிறது. வாய் நாற்றம்தான் அதன் முதல் புகார். அதை நாம்தான் காதில் போட்டுக்கொள்வதில்லை."

பிறகு கேட்டார்: "கடினமாக எதையாவது கடிப்பானா? எலும்பு, கல்?"

அத்தை பேசாமல் நின்றார். நாய்க்காக அவர் ஆஸ்பத்திரிப் படி ஏறியதே அன்றைக்குத்தான். நான்தான் கல் சமாசாரத்தைச் சொன்னேன். நாயின் பல் மேல் இருக்கும் எனாமல் நம்முடையதைவிட மெல்லியது, கருங்கல்லோ எனாமலைவிடக் கடினமானது, தாடையின் பலமோ அதிகம்; ஆகவே கல்தான் ஜெயிக்கும் என்று அவர் விளக்கினார்.

எக்ஸ்ரே எடுத்து, மயக்க மருந்து கொடுத்துத்தான் பல்லை எடுக்க முடியும் என்பதால் சென்னைக்குப் போகச் சொன்னார். ஒன்பது வயது நாய்க்கு மயக்க மருந்து கொடுப்பதென்றால் ரத்தம், சிறுநீரகம், இருதயம் எல்லாம் சோதித்தாக வேண்டும். வாடகைக் காரில் போனோம். உள்ளே அவனைத் தூக்கிக்கொண்டு போனபின், அத்தை பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். உதடுகள் அசைந்தன. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. "அவர் விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான்" என்றார் திடீரென்று. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இவ்வளவு காலம் ஒரே வீட்டில் இருந்தும், அத்தையின் மனசு எனக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் தெரிந்தது.

இரண்டு பற்களை எடுத்துவிட்டு, மற்றவற்றின் காரையை ஈறுக்கு அடியிலும் சேர்த்துச் சுரண்டி, மெருகேற்றி அனுப்பினார்கள். செலவு? ஒரு நல்ல பட்டுப் புடவை, ஜரிகை அகலமாகப் போட்டது, வாங்கியிருக்கலாம். பிடுங்கிய பல்லைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியும் கொண்டை சின்னது, வேர்கள்தான் நீளம்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை ஒரு காரியம் செய்தார். திண்ணை ஓரத்துக் கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கழுவி, பழைய பித்தளைக் குடத்தில் போட்டு, பரண்மேல் ஏற்றச் சொன்னார். ஒரே ஒரு கல்லை மட்டும் துளசி மாடத்தில் வைத்துக்கொண்டார்.

ஈறு ஆறும்வரை இரண்டு வாரம் வாயைத் தொடவேண்டாம், அதன் பிறகு தினம் பல் தேய்க்கவேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. காரணமும் சொன்னார். சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே பல்லின்மேல் பிசுபிசுப்பாக ஒரு படலம் உண்டாகிறது. அதைத் துணியால்கூடத் துடைத்து எடுத்துவிடலாம். இரண்டு மூன்று நாள் விட்டால், எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து அது காரையாக இறுகிவிடும். பிறகு பிரஷுக்கு அசையாது. ஆகவே வாரத்துக்கொரு நாள் எண்ணெய்க் குளியல் மாதிரி நாய்க்குப் பல் தேய்ப்பது வீண்வேலை. தினம் வேண்டும், போனால் போகிறது, ஒருநாள் விட்டு ஒருநாளாவது வேண்டும்.

முதல் நாள் நடந்த கூத்தைச் சொன்னால் எங்கள் குடும்பத்துக்கே அவமானம். அவர் தம்முடைய பேஸ்டையே பிரஷில் பிதுக்கிக்கொண்டு, பல்லவனின் கழுத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நுரையைக் கண்டதும் அவன் திமிறிக்கொண்டு தெருமுனைக்கே ஓடிவிட்டான். நல்லவேளையாக ஓடினான்! நாய்க்குக் கொப்பளித்துத் துப்பத் தெரியாது. போட்டதெல்லாம் வயிற்றுக்குள்தான் போகும். நம் பேஸ்டில் நுரைப்பதற்கென்று சேர்ப்பதும் ஃப்ளோரைடும் அதற்கு ஒத்துக்கொள்ளாது. சில பேஸ்டுகளில் இனிப்புக்காக ஸைலிட்டால் என்று ஒன்று சேர்க்கிறார்கள். நமக்கு அது சாது. நாய்க்கோ கொஞ்சம் உள்ளே போனாலும் ரத்தத்தில் சர்க்கரை திடீரென இறங்கி, ஈரலும் கெட்டு, உயிருக்கே ஆபத்து. உப்பு, சோடா உப்பு, அடுப்புக்கரி என்று கைவைத்தியமும் வேண்டாம்.

நாய்க்கென்றே பேஸ்ட் விற்கிறது என்று வாங்கி வந்தேன். அங்கேதான் அடுத்த சங்கடம். டியூபில் பெரிதாக ஒரு கோழிப் படம்! கோழிச் சுவையாம். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். டியூபைத் திண்ணை ஜன்னலில் வைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டார். "வெறும் தண்ணியிலே தேய்ச்சா என்னவாம்?" என்று கேட்டார். டாக்டரிடம் போனில் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "பேஸ்ட் ஆசை காட்டத்தான். வேலை செய்வது பிரஷ். வெறும் தண்ணீரே போதும்" என்றார். வாதத்தில் அத்தை ஜெயித்துவிட்டார்.

ஜெயித்தவரிடமே பொறுப்பும் போய்ச் சேர்ந்தது. நான் ரயிலில் இருக்கும் நேரத்தில், ஒன்பது வருஷம் அந்த நாயைத் தொடாத அத்தை, திண்ணையில் மணைபோட்டு உட்கார்ந்தார். அவர் பொறுமை எங்களுக்கு வராது. முதல் நாலைந்து நாள் கன்னத்தைத் தடவியதோடு சரி. அப்புறம் உதட்டை மெதுவாகத் தூக்கிப் பார்த்து, ஒரு துண்டு காரட் கொடுத்துவிட்டு எழுந்துவிடுவார். அடுத்த வாரம், பழைய மல் வேட்டித் துணியை நனைத்து விரலில் சுற்றிக்கொண்டு கோரைப் பல்லை மட்டும் துடைத்தார். மூன்றாம் வாரம்தான் பிரஷ். அதுவும் குழந்தைகளுக்கான மிருதுவான பிரஷ்.

வாயைப் பிளக்கவே வேண்டாம் என்பது இதில் ஒரு சௌகரியம். வாய் மூடியபடி இருக்க, உதட்டை மட்டும் தூக்கி, பல்லும் ஈறும் சேரும் வரியில் பிரஷைச் சாய்த்து வைத்து, சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றினால் போதும். வெளிப்புறம்தான் முக்கியம், உட்புறத்தைப் பெரும்பாலும் நாக்கே பார்த்துக்கொள்கிறது. மேல் கடைவாய்ப் பல்லை மட்டும் விட்டுவிடக்கூடாது. எச்சில் சுரந்து வந்து விழுவது அதன் பக்கத்தில்தான். காரை முதலில் பிடிப்பதும் அங்கேதான். பக்கத்துக்கு அரை நிமிஷம், ஆக மொத்தம் ஒரு நிமிஷம். நான் அழுத்தித் தேய்த்து ஒருநாள் ஈறில் ரத்தம் வரவழைத்துவிட்டேன். அத்தை என்னைப் பார்த்த பார்வையில், கல்யாணமான புதிதில் ரசத்துக்குப் புளி அதிகமாய்ப் போட்ட நாள் ஞாபகம் வந்தது.

இதைப் படித்துவிட்டு, கறுத்த பல்லோடு இருக்கும் உங்கள் நாயின் வாயில் இன்றைக்கே பிரஷை விட்டுவிடாதீர்கள். ஈறு சிவந்து வலியோடு இருக்கும்போது தேய்த்தால் அதற்கு ஜன்மத்துக்கும் பிரஷ் பிடிக்காது. கடிக்கவும் கூடும். முதலில் டாக்டர் பார்க்கட்டும். ரேபிஸ் தடுப்பூசி தவறாமல் போட்டிருக்க வேண்டும் என்று சொல்லவே வேண்டாம். அப்படியும் பல் பட்டுவிட்டால் கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மஞ்சள் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். நகத்தாலோ கத்தியாலோ காரையைச் சுரண்டுவதும் கூடாது. வெளியே பல் வெளுப்பாகத் தெரியும். ஈறுக்குள் இருக்கிற வியாதி அப்படியே இருக்கும்.

எதிர்வீட்டு மாமி, "எலும்பு போட்டால் தானாகப் பல் சுத்தமாகிவிடும்" என்கிறார். அவர்கள் வீட்டில் ஒரு பொமரேனியன். மடியில் அடங்குகிற சாதிகளுக்குத்தான் பல் தொல்லை அதிகம்; சின்னத் தாடையில் பெரிய நாய்க்கு உள்ள அதே 42 பற்களும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கவேண்டும் அல்லவா? வேகவைத்த கோழி எலும்பு ஊசி ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும். கெட்டி எலும்பு பல்லையே உடைக்கும். கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்து, பள்ளம் விழாத எதையும் நாய்க்குக் கடிக்கக் கொடுக்காதீர்கள் என்பது டாக்டர் சொன்ன சுருக்கமான பரீட்சை. மாமியிடம் சொன்னேன். அவர் இன்னும் எலும்புக் கட்சிதான்.

"கடற்கரையிலே மீன் தலை தின்னு திரியுதே, அதுகளுக்கெல்லாம் யாரும்மா பல் தேய்ச்சு விடறாங்க?" என்று அத்தையே ஆரம்பத்தில் கேட்டார். நியாயமான கேள்விதான். யாரும் தேய்ப்பதில்லை. அவற்றின் உதட்டைத் தூக்கிப் பார்க்கிறவர்களும் இல்லை. அவற்றில் எத்தனை ஒன்பது வயதைக் காண்கின்றன?

போன கோடை விடுமுறையில் பையனைக் கூட்டிக்கொண்டு, பல்லவனோடு நாத்தனார் வீட்டுக்குப் போனோம். மாமா போன பிறகு முதல் தடவை. பல்லவனை அவளிடம் விட்டுவிட்டு, வடநெம்மேலி முதலைப் பண்ணையைப் பார்க்கப் போனோம். ராமுலஸ் விட்டேக்கர் 1976-ல் தொடங்கிய பண்ணை. முதலைகள் வாயைத் திறந்தபடி கல் மாதிரிக் கிடந்தன. முதலைக்கு ஒரு பல் விழுந்தால் அந்த இடத்தில் புதுப்பல் முளைக்கும். அதுவும் விழுந்தால் மறுபடியும் முளைக்கும். "அப்போ பல்லவனுக்கும் முளைக்குமா?" என்று பையன் கேட்டான். நாய் அவ்வளவு பாக்கியசாலி அல்ல. பால்பல் 28, ஏழு மாதத்துக்குள் அவை விழுந்து 42 முளைத்தால் அதோடு கணக்குத் தீர்ந்தது. நம்மைப் போலத்தான். பையன் சற்று நேரம் யோசித்துவிட்டு, அன்றிரவு சொல்லாமலே போய்ப் பல் தேய்த்தான். மறுநாள் பழையபடி ஆகிவிட்டது என்பது வேறு விஷயம்.

திரும்புகிற வழியில் சாளுவன்குப்பம் புலிக்குகைக்குப் போனோம். குகை வாசலைச் சுற்றிலும் வரிசையாக யாளி முகங்கள், பல்லை இளித்துக்கொண்டு. கடற்காற்றையும் உப்பையும் பல நூற்றாண்டுகளாகத் தாங்கி நிற்கின்றன. "இதுக்கெல்லாம் காரையே இல்லையே!" என்றான் பையன்.

நாத்தனார் வீட்டுக்கு வந்து பார்த்தால், பல்லவன் அடுத்த கொட்டகையில் நிற்கிறான். மோந்து மோந்து பார்த்து, ஒரு கருங்கல் சில்லைக் கவ்வியும் விட்டான். நான் பதறிக்கொண்டு ஓடினேன். அதற்குள் அத்தை போய்விட்டார். "போடு" என்றார். அவன் போட்டுவிட்டான். அத்தை குனிந்து அந்தக் கல்லை எடுத்து, முந்தானையில் முடிந்துகொண்டார்.

இப்போது தினம் சாயங்காலம், விளக்கேற்றுமுன், திண்ணையில் அந்த ஒரு நிமிஷம் நடக்கிறது. "ஈ காட்டுடா" என்றால் உதட்டைத் தூக்கக் கொடுத்துவிட்டு, வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு பல்லவன் உட்கார்ந்திருக்கிறான். வாய் நாற்றம் போயிற்று. பிரஷ் அத்தையின் விபூதிப் பையோடு அதே ஆணியில் தொங்குகிறது. கோழிப் படம் போட்ட டியூப் இன்னும் ஜன்னலிலேயே இருக்கிறது. யாரும் அதைத் திறக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை அத்தை கோயிலுக்குப் போயிருந்ததால் நான் தேய்த்து விட்டேன். வந்ததும் பல்லவனின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"இடது பக்கம் மேலே சரியா படலையேம்மா. நாளையிலேருந்து நீ ரயிலைப் பாரு, இதை நானே பார்த்துக்கிறேன்" என்றார்.